பழம்படை வண்டியியல்: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் செய்வோர் முதலில் எல்லை சொல்லவேண்டும் என்பது மரபு. இந்நூலின் எல்லை வடக்கே காஷ்மீரி கேட், மேற்கே மாயாபுரி, தென்மேற்கே டெல்லி கன்டோன்மென்ட், கிழக்கே யமுனை. நுதலிய பொருள், ராணுவம் கழித்துக் கட்டிய ஜீப், டிரக், ஜெனரேட்டர் ஆகியவற்றை மறுபடி ஓடவைத்தல். கேட்போர், ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டவர். மற்றவருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. பயன் யாதெனின், வண்டி ஓடாவிட்டாலும், அது எந்த வகையில் ஓடவில்லை என்று சொல்லத் தெரியும்.

1. பிறப்பியல்

திசையே உரிமம் திரிபென் றாங்கு
மூவகைத் தென்ப படைவண்டிப் பிறப்பே.

இச்சூத்திரம் என்நுதலிற்றோ எனின், வண்டிகளைப் பிறந்த இடத்தால் பாகுபடுத்துதல் நுதலிற்று.

திசைவண்டியாவது கடல் கடந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் எம்பி, அதன் இரட்டையான ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஆகியவை இவ்வகை. 2.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன், 6 வோல்ட் மின்சாரம். இரவில் இதன் முகப்பு விளக்கு எரிகிறதா என்பதை எதிரே வருபவர்தான் சொல்லவேண்டும்.

உரிமவண்டியாவது வெளிநாட்டு உரிமத்தில் ஜபல்பூரில் செய்தது. ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தில் வந்த சக்திமான் டிரக் 1959இல் தொடங்கி 1996 வரை வந்தது. நிஸான் பேட்ரோல் உரிமத்தில் வந்த ஜோங்கா 1969 முதல் 1999 வரை. ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஜோங்கா வைத்திருப்பவரைப் பெட்ரோல் பங்க் ஊழியர் பெயர் சொல்லி அழைப்பதற்குக் காரணம் இதுவே.

திரிவண்டியாவது உடல் ஓரிடம், எஞ்சின் வேறிடம், கியர்பாக்ஸ் மூன்றாமிடம் எனச் சேர்ந்தது. பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியானா ஊரான மண்டி டப்வாலி இதற்குப் பேர்பெற்ற பட்டறை. அங்கே பழைய ஜீப் போய்ப் புதிய ஜீப் வரும். அல்லது பழைய ஜீப்பின் பத்திரங்களோடு வேறு ஏதோ வரும்.

மூவகைக்கும் பொது: படையில் இருந்த நாளில் நம்பர் பிளேட்டில் மேல்நோக்கிய அம்புக்குறியும், வாங்கிய ஆண்டின் இரு இலக்கமும் இருந்திருக்கும். ஜாதகம் கேட்போர் அதைப் பார்க்க.

2. கிடைப்பியல்

ஏலமும் கழிவும் கொட்டகை யும்மென
மூவிடத் தன்றி முதற்பொருள் வாராது.

ஏலம் எனப்பட்டது எம்எஸ்டிசி போன்ற அரசு நிறுவனங்கள் வழியாக நடக்கும் மின்னணு ஏலம். அங்கே ஒற்றை ஜீப்பை விரும்பியவர் சில சமயம் ‘லாட்’ என்ற பெயரில் மூன்று ஜீப்பும் ஒரு தண்ணீர் டிரெய்லரும் பெற்று வீடு திரும்புவர்.

கழிவு எனப்பட்டது மாயாபுரி. முன்பு மோதியா கானில் இருந்த பழைய இரும்பு வியாபாரம் 1970களில் இங்கே குடிபெயர்ந்தது. இங்கு ஆக்ஸில் ஒரு கடையிலும் அதன் வலப்பக்கம் மட்டும் அடுத்த கடையிலும் கிடைக்கும். இன்னதென்று தெரியாத எதையும் பிரிக்கக் கூடாது என்பது இச்சந்தையின் முதல் விதி. 2010இல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை ஏலத்தில் விட்ட கதிர்வீச்சுக் கருவி ஒன்றை இங்கே பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டு ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டனர். இதில் நகைக்க ஒன்றுமில்லை.

கொட்டகை எனப்பட்டது காலமான பெரியவர்களின் பண்ணை வீடு. இங்கு வண்டி மலிவு. வாரிசுகளின் ஒப்புதல் விலை அதிகம்.

சிறு பாகங்களுக்குக் காஷ்மீரி கேட். “இது எந்த வண்டிக்கு?” என்று கடைக்காரரைக் கேட்கலாகாது. “எந்த வண்டிக்கு வேணும் சாகிப்?” என்பார், எதைச் சொன்னாலும் அதற்கேதான்.

3. நோயியல்

துருவே இறுக்கம் காந்த மறதியென
ஒருமூன் றென்ப பழம்பொறி நோயே.

துரு பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் உள்ளே இருக்கும். டேங்குக்குள் சங்கிலித் துண்டையோ சல்லியையோ போட்டு உருட்டிக் கழுவுக.

இறுக்கம் என்பதைப் பட்டறையில் ‘எஞ்சின் ஜாம்’ என்பர். பல ஆண்டு நின்றதில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவிட்டு, பிறகு கையால் மெல்லத் திருப்புக. சம்மட்டி எடுப்போர்க்கு இந்நூல் பொறுப்பன்று.

காந்த மறதி ஜெனரேட்டருக்கே உரிய நோய், ஆகவே விரித்துரைக்கப்படும். தன் மின்சாரத்தால் தன்னையே தூண்டிக்கொள்ளும் ஜெனரேட்டர், சுற்றத் தொடங்கும்போது தன் இரும்பில் எஞ்சிய சிறு காந்தத்தை நம்பியே முதல் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்தத் துளி, ஃபீல்டு சுருளுக்குப் போய்க் காந்தத்தைப் பெருக்க, மின்சாரமும் பெருகும். நெடுநாள் சும்மா கிடந்த செட்டில் அந்த எச்சமும் தேய்ந்துபோயிருக்கும். எஞ்சின் கம்பீரமாக ஓடும். வோல்ட் மீட்டர் முள் மட்டும் அசையாது. வாங்கியவர் சுருள் எரிந்துவிட்டது என்று அழுது, ரீவைண்டிங் கடைக்கு ஓடுவார்.

ஈ.எம்.இ. படைப்பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ் ஹவில்தார் பக்கத்தில் வாய்த்தவர் பாக்கியவான். அவர் முதலில் மெக்கர் வைத்துச் சுருளில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் பல்ப் எரியவைத்து அதன் சூட்டில் காயவிடுவார். பிறகு ரெகுலேட்டர் ஒயரைப் பிரித்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியை ஃபீல்டு ஒயர்களுக்குக் காட்டச் சொல்வார். “பிளஸ் மைனஸ் பார்த்துக்க. தொட்டு எடு தம்பி, தொட்டு எடு. பிடிச்சுக்கிட்டே நிக்காத.” சிறு பொறி பறக்கும். ரெகுலேட்டரைத் திரும்ப மாட்டி ஓடவிட்டால் முள் எழுந்து நிற்கும். இதற்கு அவர் வாங்கும் கூலி டீ.

அமெரிக்கப் போர்க்கால செட்டுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. 10 கிலோவாட் பிஇ-95 செட்டில் இருப்பது வில்லிஸ் ஜீப்பின் எஞ்சினே. ஆகவே ஜீப்பைச் சரிசெய்யத் தெரிந்தவர் இதையும் பாதி அறிந்தவர். மறுபாதி, அது 60 சைக்கிளுக்குப் பிறந்தது என்பது. நான்கு துருவ செட்டை 1800 சுற்றிலிருந்து 1500க்கு இறக்கினால்தான் நம்மூர் 50 சைக்கிள் கிடைக்கும். அப்போது வோல்டேஜும் இறங்கும்.

4. மாந்தரியல்

ஆணி ஆய்வார் பச்சை பூசுவார்
ஓட்டியே தீர்வார் எனமூ வகையர்.

ஃபோர்டு தன் ஜீப்பின் போல்ட் தலைகளில் ‘எஃப்’ எழுத்தைப் பொறித்தது. ஆணி ஆய்வார் பூதக்கண்ணாடியோடு அந்த எழுத்தைத் தேடுவார்; வில்லிஸில் ஒரு ‘எஃப்’ தென்பட்டால் அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ராணுவ விழாக்களில் ஈ.எம்.இ. வீரர்கள் ஒரு ஜீப்பைப் பிரித்துப் பூட்டி ஓட்டிக்காட்ட இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆணி ஆய்வாரிடமோ பிரிக்க ஒரு மாலை, பூட்ட ஒரு தலைமுறை.

பச்சை பூசுவார்க்கு ஆலிவ் பச்சை அடித்துவிட்டால் போதும், புதுப்பித்தல் முடிந்தது. அவருக்குத் தடை 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி: பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதற்கும் அந்நிறம் கூடாது. எனவே ஜோங்கா எந்த நிறத்தில் பிறந்ததோ அந்த நிறத்தில் மட்டும் இருக்க முடியாது.

ஓட்டியே தீர்வார் 6 வோல்டை 12 ஆக்கி, ஆல்டர்னேட்டர் மாட்டி, டிஸ்க் பிரேக் போட்டு, மண்டி டப்வாலியை யாத்திரைத் தலமாகக் கொள்வார். மற்ற இருவரும்தான் வண்டியைக் கெடுத்தார்கள் என்பது மூவர்க்கும் பொதுக் கொள்கை.

5. காலவியல்

பத்தினும் பதினைந் தினும்பழி எய்திய
வண்டி ஐம்பதில் வழிபடப் படுமே.

மேற்கூறிய நான்கு இயலும் இதற்குத் தோற்றுவாய். 2014, 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் இட்ட உத்தரவுகளின்படி, தலைநகர் வட்டாரச் சாலையில் டீசல் வண்டிக்கு ஆயுள் 10, பெட்ரோலுக்கு 15. பின்னர் வந்த இடைக்கால விலக்குகளையும் திருத்தங்களையும் வழக்கறிஞரிடம் கேட்டறிக. 2021இல் வந்த மற்றொரு விதியோ, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை ‘விண்டேஜ்’ ஆக்கி, 20,000 ரூபாய் கட்டணத்தில், ‘விஏ’ எழுத்துத் தாங்கிய தனி நம்பரோடு 10 ஆண்டுக்குப் பதிவு தருகிறது. கண்காட்சிக்கும், ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் நடத்திவரும் ராலி போன்றவற்றுக்கும் அது சாலையில் வரலாம். மூல வடிவம் மாறாமல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை.

ஆக, 1999இல் பிறந்த பெட்ரோல் ஜோங்கா 2014இல் குற்றவாளி, 2049இல் பாரம்பரியம். இடைப்பட்ட 35 ஆண்டும் டெல்லிக்கு வெளியே வனவாசம், அல்லது தார்ப்பாய்க்கு அடியில் அஞ்ஞாதவாசம். 15இல் நசுக்கச் சொன்னதையே 50இல் மாலையிட்டு வரவேற்கிறது சட்டம். நடுவில் அது நசுங்காமல் இருக்க வழி செய்தவர்க்கு எந்த விதியிலும் பெயரில்லை. மாசைக் குறைக்க வேண்டும் என்பதில் டெல்லியில் மூச்சு விடும் எவரும் மாறுபடார். ஆண்டில் ஒருநாள் ஓடும் வண்டிக்கும் அன்றாடம் ஓடும் வண்டிக்கும் வேற்றுமை காண சட்டம் ஐம்பதாவது ஆண்டுவரை காத்திருப்பானேன் என்பதே இவ்வுரையாசிரியன் ஐயம்.

ஜெனரேட்டர்க்கு அந்த மறுபிறவியும் இல்லை. அதற்கு விண்டேஜ் விதி எழுதப்படவில்லை. குளிர்காலக் காற்றுக் கட்டுப்பாடுகளில் முதலில் வாய் அடைக்கப்படுவதும் அதுவே.

புறனடை

சொல்லாது ஒழிந்தன உளவெனின் அவற்றையும்
மாயா புரியில் தேடிக் கொளலே.

இங்கே கூறாத வண்டி எதிர்ப்பட்டால் முதலில் வயது கேட்க. ஐம்பது கடந்திருந்தால் ஆணியைத் தொடாதே. கடக்கவில்லையெனில் நல்ல தார்ப்பாயாகப் பார்த்து வாங்குக. பேட்டரியை மட்டும் கழற்றி வைக்க மறவற்க.