'பார்த்தாச்சா' மாமா

அவர் எதிரே வருகிறார் என்றால், எத்தனையாவது எபிசோடு வரை பொய் சொல்லி வைத்திருக்கிறோம் என்பதை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படியில் ஈர வேட்டியோடு நின்றாலும் சரி, தாயார் சன்னிதி வரிசையில் நின்றாலும் சரி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குள் பாதி உடம்பைத் திணித்துக்கொண்டிருந்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

"என்ன, பார்த்தாச்சா?"

"எதை மாமா?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள்.

"எதையா? 'அவதார், தி லாஸ்ட் ஏர்பெண்டர்'! 3 சீசன், 61 எபிசோடு. 2005-ல வந்தது. போன ஏகாதசிக்கே சொன்னேனே!"

யாரையும் மனதில் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. உத்தர வீதியிலிருந்து துளசியோடு துணிப்பையில் டேப்லெட்டையும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகிற ஒருவர் இதைப் படித்துவிட்டு வருத்தப்பட்டால் நான் பொறுப்பில்லை. இந்த ரகம் எல்லா இடத்திலும் உண்டு. தில்லை நகர் டீக்கடை வாசலில் இவரே தாடியோடு 25 வயதில் நின்று, "மொத நூறு எபிசோடு மட்டும் பொறுத்துக்கங்க ப்ரோ, அப்புறம் பிச்சுக்கும்" என்பார். நூறு எபிசோடு பொறுத்துக்கொண்டால் எதுதான் பிடிக்காது? சுரைக்காய்க் கூட்டுகூடப் பிடித்துவிடும். அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் 'ப்ளூயி' பார்க்காதவர்களைப் பெற்றோராகவே மதிக்காத ஓர் அம்மா இருப்பார். ஆஸ்திரேலிய நாய்க் குடும்பம், ஓர் எபிசோடு ஏழு நிமிஷம். நல்ல தொடர்தான். ஆனால் அந்த நாயப்பா குழந்தைகளோடு நாள் முழுக்க விளையாடுவதைப் பார்த்தால், ஆபீஸ் விட்டு வந்து சோபாவில் விழுகிற மனித அப்பாக்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இவர்கள் எல்லாம் ஸ்ரீரங்கத்து மாமாவின் கால் தூசு பெற மாட்டார்கள். ஏனென்றால் அவர் வங்கியில் கடன் வசூல் பார்த்து ரிட்டயர் ஆனவர். பேரனுக்குச் சோறு ஊட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தது. பேரன் வளர்ந்து கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாமா அங்கேயே தங்கிவிட்டார். இப்போது அவர் சிபாரிசு செய்கிற ஒவ்வொரு தொடரும் நம் பேரில் எழுதப்பட்ட கடன்.

திங்கட்கிழமை சிபாரிசு. வியாழக்கிழமை முதல் நோட்டீஸ்: "பார்த்தாச்சா?" அடுத்த வாரம் தணிக்கை. பார்த்துவிட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"அப்படியா! மூணாவது எபிசோடுல அந்தப் பையன் கோயிலுக்குப் போறானே, உள்ளே என்ன பார்த்தான்?"

கோயிலுக்குப் போனால் என்ன பார்ப்பார்கள்? "பெருமாள்" என்றேன்.

அவன் பார்த்தது அவனை வளர்த்த குருவின் எலும்புக்கூட்டை. நூறு வருஷம் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்துவிட்டு வெளியே வந்த பையனுக்கு, தன் கூட்டத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை என்பது அங்கேதான் உறைக்கிறது. இதை மாமா ரங்கவிலாச மண்டபத்தில் நின்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் கற்கண்டு வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் "எந்தத் திவ்ய தேசத்துல சார்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே ஜப்தி. வீட்டுக்கே வந்துவிட்டார்.

இங்கேதான் இவருடைய முழு விசேஷமும் இருக்கிறது. மாமா படம் பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்ப்பார். சோபாவில் நமக்குப் பக்கத்தில், ஆனால் டீவிக்கு முதுகைக் காட்டி, முக்கால்வாசி நம் பக்கம் திரும்பி உட்காருவார். சிரிப்பு வரப்போகிற இடத்துக்கு நாலு வினாடி முன்னால் அவர் உதடு விரியும். நாம் அதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சிரித்தால், "இன்னும் வரலை, இரு" என்பார். வந்ததும் சிரித்தால், "நிஜமாவே சிரிச்சியா?" என்பார். காப்பியை எடுக்கக் குனிந்தால் ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டு, நாம் நிமிர்ந்த பிறகு பத்து வினாடி பின்னால் தள்ளி மறுபடி ஓட்டுவார். கண் சிமிட்டினால்கூடக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். எனக்கு அன்று டீவியில் என்ன ஓடியது என்பதைவிட, அவர் இடது புருவத்தில் எத்தனை நரை என்பதுதான் தெளிவாகத் தெரிந்தது.

அவர் குறிவைத்தது இரண்டாவது சீசனில் ஒரு கதையை. நெருப்பு தேசத்து இளவரசனின் பெரியப்பா ஐரோ; ரிட்டயர் ஆன தளபதி, தேநீர்ப் பைத்தியம், பிற்பாடு டீக்கடையே வைக்கிறார். ("காப்பிக்கடையா வெச்சிருந்தா இன்னும் பொருந்தியிருக்கும்" என்பது மாமாவின் ஒரே விமர்சனம்.) நாள் முழுக்க ஊராருக்கு உபகாரம் செய்துவிட்டு, போரில் இறந்த மகனின் பிறந்த நாளுக்கு ஒரு மேட்டில் மரத்தடியில் உட்கார்ந்து பாடுகிறார். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாகோ 2006-ல் காலமானார். அந்தக் கதையை அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள். கல்லும் கரையும் கட்டம். ஆனால் ஆறு அங்குலத்தில் ஒரு முகம் 'அழுதுட்டியா, அழுதுட்டியா' என்று காத்துக்கொண்டிருந்தால் எவனுக்கு ஐயா அழுகை வரும்? எனக்கு வந்தது கொட்டாவி. அதை விழுங்கியதில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மாமா பூரித்துப்போனார்.

இந்த வழக்கத்தை அவர் தியேட்டருக்கும் கொண்டுபோனார். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் ராம் மோகனோடு சேர்ந்து எடுத்த ராமாயண அனிமேஷன் படம் தொண்ணூறுகளிலேயே வந்தது. அது தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது 2025 ஜனவரியில். ஜூலையில் 'மகாவதார் நரசிம்மா'. அந்த வருஷம் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பொம்மைப் படத்துக்குப் பெரியவர்களா என்று தெருவில் யாரோ இழுத்தபோது, பாயிண்டைப் பிடித்துவிட்டார். கம்பர் இங்கே அரங்கேற்றம் செய்தபோது இரணிய வதைப் படலத்துக்கு ஆட்சேபம் கிளம்பியதும், மேட்டழகிய சிங்கர் தலையை அசைத்து ஆமோதித்ததும் ஊரறிந்த கதை. "சன்னிதியில சிங்கம் தலையை ஆட்டித்துன்னா ஒத்துப்பேள். திரையில ஆட்டினா குழந்தைகள் சமாச்சாரமா?" யாரிடமும் பதில் இல்லை. இரண்டு வரிசை டிக்கெட் போட்டு எங்களை அழைத்துப் போனார். தூண் பிளந்தபோது தியேட்டரே திரையைப் பார்த்தது. அவர் மட்டும் எழுந்து நின்று, எங்கள் வரிசையை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பின்வரிசைக்காரர் போட்ட சத்தத்தில் நரசிம்மர் கர்ஜனை அமுங்கிவிட்டது.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆறாத ஒரே குறை, தமிழில் இருப்பதைக்கூடத் தமிழில் பார்க்க விட மாட்டேன் என்கிறார். "ஒரிஜினல் ஆடியோலதான் பார்க்கணும், டப்பிங்ல பாவம் போயிடும்." ஜப்பானியத் தொடரென்றால் காதுக்கு ஜப்பான் மொழி, கண்ணுக்கு ஓடி மறைகிற இங்கிலீஷ் எழுத்து. அப்புறம் 'எட்டிலிருந்து எண்பது வரை எல்லாரும் பார்க்கலாம்' என்று எப்படிச் சொல்கிறார்? 2007-ல் சுட்டி டீவி வந்தபோது ஜாக்கி சானும் டோராவும் தமிழ் பேசினார்கள். அதனால்தான் அடுக்களையிலிருந்து பாட்டிகள் எட்டிப் பார்த்தார்கள். புஜ்ஜி என்று ஒரு குரங்கு எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் சொந்தக்காரனாகத் திரிந்தது. அந்தக் குரல்களுக்காகவே பார்த்த குழந்தைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். டப்பிங்கில் ஒரு பாவமும் போகவில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத வயதும், கண்புரை விழுந்த வயதும் 'எல்லா வயது'க்குள் அடங்காதா? கேட்டுவிட்டேன். மாமா அதற்கு மட்டும் காது கேளாதவர் போலிருந்தார்.

அவரை அசைத்தது என் அம்மாதான். ஜப்தி நடந்த அன்று, ஐரோ கதை ஏற வேண்டும் என்று அதற்கு முன்னால் வருகிற பாலைவன எபிசோடையும் மாமா ஓட்டியிருந்தார். ஐரோ முடிந்து என் முகத்தை விட்டு நிமிர்ந்தவர், மூலை நாற்காலியில் 82 வயது அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதைக் கண்டார்.

"மாமி அழறா! பார்த்தியா? எட்டிலேருந்து எண்பதுன்னு சொன்னேனா இல்லையா?"

"அது இருக்கட்டும்ப்பா. முன்னாடி அந்த மொட்டைத்தலைப் பிள்ளை மணல்ல 'அப்பா, அப்பா'ன்னு கத்திண்டு அலைஞ்சானே, பெத்தவன் கிடைச்சானா?"

அப்பா என்பது அவன் ஏறிப் பறக்கிற ஆறு கால் எருமையின் பெயர். திருட்டுப் போயிருந்தது. மாமா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தார். வரிக்கு வரி நிறுத்தித் தமிழில் சொன்னார். உபன்யாசம் தோற்றது. ஐரோ காப்பி குடித்தார், நெருப்பு தேசத்து அரசன் இலங்கை வேந்தனானான், 23 நிமிஷ எபிசோடு ஒன்றரை மணி நேரம் ஓடியது. மூன்று மாதமாக நாள் தவறாமல் வந்தார். அம்மாவுக்கு இப்போது எருமை எங்கே இருக்கிறது என்பது என்னைவிட நன்றாகத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை கதை முடிந்தது. பையைக் கையில் எடுத்தவர் சும்மா கிளம்பவில்லை.

"மாமி, அடுத்தது 'ஒன் பீஸ்'. 1999-லேருந்து வருது. ஆயிரம் எபிசோடுக்கு மேல ஆயாச்சு."

"முடிஞ்சுடுத்தா?"

"இன்னும் இல்லை, போயிண்டே இருக்கு."

"முடியட்டும்ப்பா. முடிஞ்சப்புறம் வந்து மொத்தமாச் சொல்லு" என்று அம்மா விளக்கேற்ற எழுந்து போனாள். மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.