ஒரு ஜீப்புக்கு எத்தனை பேட்டரி?

ஜீப் வைத்திருப்பவனுக்கு அமைகிற நண்பர்கள் இரண்டு வகை. வண்டியை இரவல் கேட்பவர்கள். வண்டியில் இன்னும் என்ன மாட்டலாம் என்று யோசனை சொல்பவர்கள். முதல் வகையினரால் ஆகிற செலவு டீசலோடு நின்றுவிடும். இரண்டாம் வகையில் எனக்கு வாய்த்தவர் பீளமேட்டுக்காரர். சாஃப்ட்வேர் வேலை, புத்தம்புதிய ஃபோர் பை ஃபோர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் நிறைய பாக்கெட் வைத்த கால்சட்டை. என்னுடையது அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ஓடத் தொடங்கிய டீசல் ஜீப். கூரை தார்ப்பாய். கதவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, “ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வெச்சே ஆகணும்ங்ணா” என்றார்.

“எதுக்குங்க?”

“காட்டுக்குள்ள போய் செல்ஃப் எடுக்கலைன்னா?”

பயம் என்பது ஒரு நல்ல சரக்கு. காசு கொடுக்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும், போகும்போதுதான் பில் கொடுக்கும். அன்று இரவு நான் அந்தக் காட்டைத் தேடிப் பார்த்தேன். கோவையைச் சுற்றிக் காட்டுக்கென்ன பஞ்சம்? ஆனைமலை, சத்தியமங்கலம், முதுமலை என்று மூன்று பக்கமும் புலிகள் காப்பகம். ஆனால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அனுமதி வாங்காமல் உள்ளே ஜீப்பை விட்டால் பேட்டரி போவதற்கு முன்னால் ஜீப்பே போய்விடும். பந்திப்பூர் சாலையில் இரவு ஒன்பதுக்கு கேட்டை மூடினால் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். ஆக, என்னுடைய காட்டு இரவுகளெல்லாம் ஏதாவது ஒரு லாட்ஜில், கட்டில் தலைமாட்டில் பிளக் பாயின்ட்டோடு கழிகின்றன.

நண்பரைக் குறை சொல்லக் கூடாது. இந்த இரட்டை பேட்டரிச் சங்கதியை அவர் ஆஸ்திரேலியக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்துக் கற்றிருக்கிறார். அங்கே அது நியாயம். சிம்ப்சன் பாலைவனத்தில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஏறி இறங்க வேண்டும். நடுவில் டீசல் கிடையாது, ஆள் கிடையாது. கோடையில் அந்தப் பாலைவனத்தை அரசாங்கமே சாத்திவைத்துவிடுகிறது. கேனிங் ஸ்டாக் ரூட் என்ற மாடு ஓட்டிய பழைய பாதை சுமார் 1,850 கிலோமீட்டர். அங்கே செல்ஃப் எடுக்காத வண்டிக்காரன் உட்கார்ந்து யோசிக்க நாள் கணக்கில் நேரம் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அதில் எந்த வளைவில் நின்றாலும், பின்னால் வருகிற அரசுப் பேருந்துக்கு வழி விடவில்லை என்பதற்காகவாவது நாலு பேர் இறங்கி வந்து தள்ளிவிடுவார்கள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றிவிட்டால் அதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதானே நடுத்தர வர்க்கத்தின் வழிபாட்டு முறை. பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

என் ஜீப்பில் இருப்பது 75 ஆம்பியர்-அவர் பேட்டரி. ஸ்டார்ட் செய்வதற்கென்று செய்த பேட்டரியில் ஈயத் தகடுகள் மெல்லிசாக, நிறைய இருக்கும். சட்டென்று பெரிய கரண்டைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் மெதுவாக உறிஞ்சி அடிவரை காலி செய்தால் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது முப்பத்தேழு சொச்சம். இனி செலவு. ஐந்து வாட் எல்இடி பட்டை ஒன்று ராத்திரி ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு ஆம்பியர்-அவர். செல்போன் ஒன்றுக்கு முழுசாக சார்ஜ் ஏற்ற இன்னொரு இரண்டு. வீட்டில் எல்லார் போனையும் சேர்த்தாலும் பத்தைத் தாண்டவில்லை. இஞ்சினை ஸ்டார்ட் செய்ய எவ்வளவு போகிறது என்று பார்த்தேன். டீசல் இஞ்சின் முந்நூறு ஆம்பியர்கூடக் கேட்கும். ஆனால் மூன்று விநாடிதான். பெருக்கிப் பார்த்தால் கால் ஆம்பியர்-அவர். செல்போனைவிடக் குறைவு! ஸ்டார்ட்டுக்கு வேண்டியது அளவு இல்லை, ஆவேசம். பாதி காலியான பேட்டரியிடம் சரக்கு இருக்கும், ஆவேசம் இருக்காது.

இப்படிக் கணக்குப் போட்டதில் இரண்டாவது பேட்டரி கையைவிட்டு நழுவிக்கொண்டே போனது. எனக்கு வருத்தமாகிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு சாமான் என்னைக் காப்பாற்றியது. கார் ஃபிரிட்ஜ்.

நாற்பது லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது நாலு ஆம்பியர்வாக்கில் இழுக்கும். நம் ஊர் வெயிலில் பாதி நேரமாவது ஓடும். இஞ்சினை அணைத்து நிறுத்திவிட்டால் ஒரு நாளைக்கு ஐம்பது ஆம்பியர்-அவர் போச்சு. சாயங்காலம் நிறுத்தினால் மறுநாள் மதியத்துக்குள் முப்பத்தேழும் காலி. அதற்கப்புறம் ஜீப்பை மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும். ஆகா, இரண்டாவது பேட்டரி வேண்டும்! வெற்றியோடு பேப்பரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

மனைவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். “ஏனுங்க, அந்த ஃபிரிட்ஜுல எதை வெக்கப் போறீங்க?”

இந்தக் கேள்வி என் பேப்பரில் இல்லை. “சாப்பாடுதான்” என்றேன்.

“புளிச்சோறுக்கு எதுக்குங்க ஃபிரிட்ஜு?”

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் நம் பாட்டிமார்கள் ஒரு வேலையைக் கனகச்சிதமாக முடித்து வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிய புளிச்சோறு இரண்டு நாள் தாங்கும். ஊறுகாய்க்கு வெயில்தான் மருந்து. தயிர்ச்சோறு புளித்துப்போகும் என்றால், சோற்றில் பாலை ஊற்றி ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்து கட்டிக்கொண்டு கிளம்பினால், மதியம் இலையைப் பிரிக்கும்போது பதமாக உறைந்திருக்கும். பன்னிரண்டு வோல்ட் இல்லை, கம்ப்ரஸர் இல்லை. வண்டி குலுங்கினால்கூடக் கெட்டுப்போகாத தொழில்நுட்பம். ஆஸ்திரேலியக்காரனுக்கு மாட்டிறைச்சியும் பீரும் குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும், அவனுக்குப் பேட்டரி. என் கட்டுச்சோற்று மூட்டைக்கு முன்னால் ஐம்பது ஆம்பியர்-அவர் தலைகுனிந்து நின்றது.

விஷயத்தை நண்பரிடம் சொன்னேன். அவர் சரித்திரத்துக்குத் தாவினார். “ராணுவ ஜீப்புலயே ரெண்டு பேட்டரி உண்டுங்ணா!” உண்மைதான். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்புக்கு ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றுதான். 1950 வாக்கில் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த எம்38 ஜீப்பில் இரண்டு பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள். ஆனால் அவை தொடர் இணைப்பில் இருபத்துநான்கு வோல்ட்டுக்காகச் சேர்த்தவை. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகள் மாதிரி; ஒன்று படுத்தால் வண்டி நின்றுவிடும். நண்பர் கேட்பது ஸ்டெப்னிக் காளை. அது வேறு விவகாரம். இதை நான் விளக்கியபோது அவர் கூகுளில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார்.

அதே வாரம் வேறொரு காரியமாகச் சூரியநெல்லி போக வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் கொழுக்குமலைக்கு ஜீப்புகள் கிளம்பும். சூரிய உதயம் பார்க்க விடியற்காலை நாலு மணிக்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு, பாறையும் பள்ளமுமான பாதையில் இடுப்பெலும்பை எண்ணவைத்துக்கொண்டு ஏறுவார்கள். மனிதன் பயன்படுத்தும் ஜீப்புகளில் இதைவிடக் கடுமையாக உழைப்பவை தமிழகக் கேரள எல்லையில் இருக்காது என்பது என் துணிபு. வண்டி நிற்கிற நேரத்தில் டிரைவர்கள் எல்லாருமே ஒரே மாதிரி, மூக்கு இறக்கத்தைப் பார்க்கிற மாதிரி நிறுத்தியிருந்தார்கள். ஒரு டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து மெல்லக் கேட்டேன்: “அண்ணே, ரெண்டு பேட்டரி வெச்சா நல்லதில்லையா?”

அவர் பீடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எதுக்கு சார்? ஒரு மலையே இருக்கே.”

பழைய டீசல் இஞ்சினில் பம்ப்பை ஓட்டுவதும் இஞ்சின்தான். ஒருதடவை பற்றிக்கொண்டால் ஓட கரண்டே வேண்டாம். இறக்கத்தில் உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் முடிந்தது. பீளமேட்டு நண்பரின் வண்டி அப்படியல்ல. அதில் டீசலை எப்போது, எவ்வளவு விடுவது என்று கணினி முடிவு செய்ய வேண்டும். கணினி விழிக்க பேட்டரி வேண்டும். கியர் வேறு ஆட்டோமேட்டிக். பூட்டி நிறுத்திய பிறகும் அலாரம், டேஷ்கேம், அது இது என்று உள்ளே ஏதாவது ஒன்று கண்விழித்திருக்கும். அதை ஒரு மலைச் சரிவில் அல்ல, எவரெஸ்ட்டின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே பயம் அவருடையது. அதை எனக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கப் பார்த்திருக்கிறார். நல்ல மனசு.

கடைசிக் கட்டமாக எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். நியாயமாகப் பார்த்தால் அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் விஷயம் தெரிந்தவரிடம் முதலிலேயே போய்விட்டால் ஆசைப்படுவதற்கு அவகாசம் இருக்காது. அவர் என் பேச்சை முழுசாகக் கேட்கவில்லை. மீட்டரை எடுத்தார், வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டைனமோவில் பிடித்தார்: 14.2 வோல்ட். பேட்டரி முனையில் பிடித்தார்: 13.1.

“ஒரு வோல்ட் எங்க போச்சு?” என்று ஜீப்பைப் பார்த்துக் கேட்டார். ஜீப் பதில் சொல்லவில்லை. அவர் குனிந்து, இஞ்சினிலிருந்து சேஸுக்குப் போகிற எர்த் பட்டையைத் தொட்டார். அது பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் பாதி கையோடு வந்தது.

“இருக்கற ஒண்ணுக்கே வயிறு நெறயலைங்க. ரெண்டாவதுக்கு எங்க போவீங்க?”

இரண்டு பேட்டரிகளையும் வெறுமனே சேர்த்துக் கட்டினால் இரண்டும் ஒன்றாகக் காலியாகும். அதனால் நடுவில் ஒரு ரிலே வைப்பார்கள். சார்ஜ் ஏறி வோல்ட் 13.3-ஐத் தொட்டால் இரண்டையும் சேர்த்துவிடும், 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். என் வண்டியின் நிலவரப்படி அந்த ரிலே ஆயுசு முழுக்க ஒருமுறைகூடச் சேர்ந்திருக்காது என்றார் அவர். இருபத்தைந்து கிலோ ஈயத்தைச் சீட்டுக்கு அடியில் ஏற்றிக்கொண்டு, அதற்குத் தடித்த கேபிள், இரண்டு முனையிலும் ஃபியூஸ், புகை வெளியேற ஓட்டை என்றெல்லாம் செய்து, சார்ஜே ஏறாத ஒரு பேட்டரியை ஊர் ஊராகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

புதுப் பேட்டரி வாங்கினால் டப்பாவில் போட்டிருக்கிற சிசிஏ எண்ணைப் பார்க்க வேண்டுமாமே என்று கேட்டேன். குளிரில் எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதற்கான எண் அது. மைனஸ் 18 டிகிரியில் சோதிப்பார்கள். எலக்ட்ரீஷியன் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். கோவையில் மைனஸ் 18 அடித்தால் நான் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. “நம்ம ஊருல பேட்டரியைக் கொல்றது வெக்கைங்க” என்றார். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். இரண்டு இருந்தால் இரண்டுமே வேகும். எர்த் பட்டையை மாற்றி, முனைகளைச் சுரண்டி வாசலின் தடவிக் கொடுத்தார். கூலியைச் சொன்னதும் நண்பர் காட்டிய ரிலே விலை ஞாபகம் வந்து, மரியாதை கருதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நல்ல தடிமனான ஜம்பர் கேபிள் ஒன்றும் அங்கேயே வாங்கினேன். ஆசைப்பட்ட மனசுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே.

நண்பர் விடவில்லை. அவர் வண்டியில் லித்தியம் பேட்டரி ஒன்றை வைத்துவிட்டார். புது வண்டிகளின் ஆல்டர்னேட்டர் கணினி சொல்படி வோல்ட்டை ஏற்றி இறக்குவதால் சாதா ரிலே அதற்கு ஒத்துவராது. நடுவில் டிசி-டிசி சார்ஜர் என்று இன்னொரு பெட்டி. எல்லாம் பொருத்தி, ஃபிரிட்ஜும் வாங்கி, பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் இருக்கும் ஒரு தென்னந்தோப்பில் எங்களோடு வந்து தங்கினார். உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒரு குறையும் இல்லை. ராத்திரியெல்லாம் ஃபிரிட்ஜ் சன்னமாக முனகிக்கொண்டே இருந்தது. காலையில் வண்டி முதல் அடியிலேயே ஸ்டார்ட் ஆனது. மதியம் அவர் குடும்பத்தோடு எங்கள் பாய்க்கு வந்து புளிச்சோறு சாப்பிட்டார். ஃபிரிட்ஜில் இருந்தது தண்ணீர் பாட்டில் மட்டும்தான் என்று தெரிந்தது. சித்திரை வெயில். நான் ஒரு பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். பல் கூசியது. இரண்டாவதும் வாங்கிக் குடித்தேன். மோர் கரைக்க மனைவி மூன்றாவதைக் கேட்டாள்.

தனியாகப் பாலைவனம் கடப்பவனுக்கு இரண்டாவது பேட்டரி அவன் வண்டியில் இருந்தாக வேண்டும். நாம் எங்கே தனியாகப் போகிறோம்? மூன்று வண்டி இல்லாமல் திருமூர்த்தி மலைக்குக்கூடக் கிளம்புவதில்லை. கூட்டத்தில் ஒருவரிடம் இருந்தால் எல்லாருக்கும் ஆயிற்று.

கிளம்பும்போது நண்பர் கேட்டார், “அடுத்த ட்ரிப் எப்பங்ணா?”

“நீங்க என்னிக்கு ஃப்ரீன்னு சொல்லுங்க,” என்றேன். “அன்னிக்குத்தான்.”