வழங்கியிடமே கேட்டறிதல்

கேள்வி: மின்னஞ்சல் போகவில்லையென்றால் செயலியை விட்டுவிட்டுக் கட்டளை வரிக்குப் போவானேன்?

பதில்: செயலி 'அனுப்ப இயலவில்லை' என்பதோடு நின்றுவிடும்; அஞ்சல் வழங்கியோ காரணத்தை எண்ணோடு சொல்லும். ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதிய ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணம், எஸ்எம்டிபி எனப்படும் அஞ்சல் நெறிமுறையை மனிதர் கையால் தட்டக்கூடிய எளிய சொற்களில் அமைத்தது. ஆகவே டெல்நெட் நிரலுக்கு வழங்கியின் பெயரையும் 25 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் இன்றும் உரையாடல் தொடங்கிவிடும்.

கேள்வி: முதலில் பேச வேண்டியவர் யார்?

பதில்: வழங்கிதான். 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு பேசுவோரை எரிதம் அனுப்பும் நிரலென ஐயுற்று வெளியேற்றும் வழங்கிகளும் உண்டு.

கேள்வி: வரவேற்பே வராமல் திரை உறைந்து நின்றால்?

பதில்: வழங்கியைப் பழிக்குமுன் வழியைப் பார்க்க வேண்டும். எரிதத்தைத் தடுக்க இணைய நிறுவனங்கள் பலவும் 25ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பதால், பயனர் மடல்களுக்கென ஒதுக்கப்பட்ட 587இல் முயல்வதே முறை.

கேள்வி: 450, 550 இரண்டும் மறுப்புத்தானே?

பதில்: முதல் இலக்கமே தீர்ப்பு. 4 என்றால் 'பிறகு வருக', 5 என்றால் 'இப்படியே வந்தால் இடமில்லை'. அறியாத முகவரியிலிருந்து வரும் மடலை முதன்முறை 450 சொல்லித் திருப்பி, சற்று நேரம் கழித்து மீண்டும் வந்தால் ஏற்கும் வழக்கம் உள்ளதால், அந்த எண்ணைக் கண்டதும் அமைப்புகளைக் கலைத்துப்போடுவது வீண்வேலை. 2 ஏற்பு; 3 'மேலே சொல்க'.

கேள்வி: மறையாக்க இணைப்பில் எல்லாம் சரியாக இருந்தும், பெறுநர் முகவரியைத் தட்டியவுடன் உரையாடல் குலைகிறதே?

பதில்: டெல்நெட்டால் மறையாக்கம் செய்ய இயலாது என்பதால் அங்கே ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் எஸ்_கிளையண்ட் கட்டளை வேண்டியிருக்கிறது, சிக்கலின் வேரும் அதிலேயே இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் பெரிய 'ஆர்' எழுத்து வந்தால், மறையாக்க விதிகளை மீண்டும் பேசச் சொல்லும் ஆணையாக அந்நிரல் அதைக் கொள்வதால், 'ஆர்சிபிடி டூ' என்ற பெறுநர் வரி வழங்கியைச் சென்றடைவதே இல்லை. கையேட்டில் பெரிய எழுத்தில் கண்டதை அப்படியே தட்டியவர் வழங்கியின் அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் பிழை அகப்படாது. எஸ்எம்டிபி கட்டளைகளுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. சிறிய எழுத்தில் தட்டினால் வழங்கி 250 என்று ஏற்றுக்கொள்ளும்.