கெடுவுக்கு ஒரு வாழ்த்து

கெடுவே, உன்னைப் புகழ என்னைவிடக் கடமைப்பட்டவள் திருகோணமலையில் இருக்க மாட்டாள். பதினொரு வருடமாக மூன்று சீ.ஆர். கொப்பிகளில் குறிப்பாகவே கிடந்த நாவலை முப்பது நாளில் எழுத வைத்தவன் நீ. அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பா, கூட்டாளிகள் எத்தனை தரம் கேட்டிருப்பார்கள். அசையாமல் இருந்தவள், நீ சுவர்க் கலண்டரில் சிவப்பு வட்டமாக வந்து உட்கார்ந்ததும் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பினேன்.

வெளிநாட்டுத் தமிழர் சிலர் சேர்ந்து நடத்திய நாவல் போட்டி அது. குறைந்தது ஐம்பதாயிரம் சொல், முடிவுத் திகதி நவம்பர் 30. மே மாதமே அறிவித்துவிட்டார்கள். மே தொடங்கி ஒக்டோபர் முடிய நான் எழுதியது இரண்டு பக்கம். நவம்பர் முதலாம் திகதி காலையில் வகுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு 1,667 சொல் வந்தது.

நவம்பர் எங்கள் ஊரில் சோம்பலுக்கு நியாயம் கிடைக்கிற மாதம். வாடை பிறந்து மாரி மழை பிடித்தால் திருக்கடலூர்ப் பக்கம் வள்ளங்களைக் கரைக்கு இழுத்துவிட்டு வலை பொத்த உட்கார்ந்துவிடுவார்கள். கரண்ட் சொல்லாமல் போகும். கோட்டையிலிருந்து இறங்கிவரும் மான்கள்கூட நனைந்துகொண்டு கடை வாசல்களில் ஒதுங்கி நிற்கும். கடலும் கடைத்தெருவும் ஓய்ந்த அந்த மாதத்தில் நீ ஓயவில்லை. உவர்மலையில் எங்கள் குசினி மேசையில் லாந்தரைக் கொளுத்தி வைத்துக்கொண்டு எழுதினேன். கீழே உட்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் வெளிச்சம் மழையில் கரைந்து தெரியும். தேத்தண்ணி ஆறிப்போகும். எழுதினேன். அந்த மாதத்தைப் போல ஒழுங்காக நான் வாழ்ந்ததில்லை. இதை மனமாரச் சொல்கிறேன்.

உன்னிடம் கற்றுக்கொண்ட தந்திரங்களும் நல்லவை. இரவில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் படுத்தால், காலையில் அந்தப் பாதியே கையைப் பிடித்து இழுக்கும். முந்தின நாள் எழுதியதைத் திரும்ப வாசிக்கக் கூடாது, வாசித்தால் திருத்தக் கை போகும், திருத்தினால் அன்றைய கணக்கு விழும். இருநூறு சொல்லுக்கு ஒரு தரம் எழும்பிச் சோம்பல் முறிக்கலாம். ஆயிரம் தாண்டினால் ஒரு துண்டு தொதல். இன்று எழுத உட்காருகிற எவருக்கும் இவற்றை நான் தயங்காமல் சொல்லிக்கொடுப்பேன். வேலை செய்யும்.

அப்பா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். நான் பிறந்ததிலிருந்து அவர் எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். நாலு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். ஒவ்வொரு இரவும் கேட்பார், "எத்தனை மகள் இண்டைக்கு?" நான் சொல்லுவேன், 1,702 என்றோ 1,680 என்றோ. அவருக்கு முகம் மலரும். நாவல் வாசித்துப் பழக்கமில்லாத மனிதர். எண்ணிக்கை அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மொழியாக இருந்தது. அதையும் தந்தது நீதான்.

எண்ணிக்கைக்காக நீ என்னை எவ்வளவு தூரம் பழக்கினாய் என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லை எண்ணுவது அப்படி நேர்கோட்டு வேலை இல்லை. ‘போய்க்கொண்டிருந்தபோது’ என்று சேர்த்து எழுதினால் கணினி ஒன்று என்கிறது. ‘போய்க் கொண்டு இருந்த போது’ என்று பிரித்தால் நாலு. பத்தாம் நாளிலிருந்து என் பாத்திரங்கள் சேர்ந்து நடப்பதை விட்டுவிட்டுப் பிரிந்து பிரிந்து நடக்கத் தொடங்கினார்கள். ஒரு பத்தியைப் பிரித்தால் பதினைந்து சொல் கூடும். அதைச் செய்த இரவுகளிலும் அப்பா முகம் மலர்ந்தார்.

உன் புகழ் உலகறிந்தது. தஸ்தயேவ்ஸ்கி கடன்காரருக்குப் பயந்து 1865-இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரோடு செய்த ஒப்பந்தப்படி, 1866 நவம்பர் 1-க்குள் புதிய நாவல் ஒன்று கொடுக்க வேண்டும். தவறினால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுதுவது எதையும் காசு கொடுக்காமல் அச்சிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். ஒக்டோபர் பிறந்தபோது கையில் ஒரு பக்கம் இல்லை. அன்னா என்ற இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண்ணை வைத்துக்கொண்டு 26 நாளில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரில் இல்லை. பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கினார். அடுத்த வருடம் அந்தப் பெண்ணையே கலியாணமும் செய்தார். உன்னை மெச்சுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற கதை இது. நானும் என் மேசைக்கு மேலே 26 என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

ஆனால் 1863-இலேயே ரோமிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கதையின் உருவை அவர் சொல்லியிருக்கிறார். ஜேர்மன் சூதாட்ட மண்டபங்களில் தன் காசையும் பிறர் காசையும் தோற்றுவிட்டு, ஊருக்குத் திரும்பக் கடிதம் எழுதிப் பிச்சை கேட்ட மனிதர். மூன்று வருடம் அவருக்குள் கொதித்ததைத்தான் அந்த 26 நாள் வடித்தெடுத்தது. கொதித்த வருடங்களின் பெயரை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை. முழுப் பெருமையும் உனக்குப் போய்ச் சேர்ந்தது. 1999-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ் பேட்டி இருபத்தொரு பேராகத் தொடங்கிய மாதமொரு நாவல் முயற்சி, பிறகு உலகமெங்கும் நவம்பர்த் திருவிழாவாக வளர்ந்தது. ஐம்பதாயிரம் சொல் என்ற அளவை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அதில் எழுதத் தொடங்கிப் புகழ்பெற்ற எரின் மோர்கன்ஸ்டெர்ன் ஒன்றுக்கு மேற்பட்ட நவம்பர்களில் எழுதியதைப் பின்னும் சில வருடம் உடைத்து உடைத்துத் திருத்தி, 2011-இல்தான் புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்த வருடங்களும் உன் பாராட்டுப் பத்திரத்தில் இல்லை.

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் பொன்னியின் செல்வனை எழுதியதும் உன் பிடியில்தான். ஆனால் வாரப் பத்திரிகையின் கெடு வேறு சாதி. அது திரும்பத் திரும்ப வரும். இந்த வாரம் ஒரு படகுத்துறையில் கதை நின்றுவிட்டால் அடுத்த வாரமும் அங்கே நிற்கலாம். எனக்கு வாய்த்த உனக்கு அடுத்த வாரம் இல்லை.

இனி உன் பெரிய உதவிக்கு வருகிறேன்.

என் நாவல் அம்மம்மாவைப் பற்றியது. சம்பூர்க்காரி. 2006-இல் ஷெல்லுக்குத் தப்பி ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று ஓடி, கடைசியில் கிளிவெட்டி முகாமுக்கு வந்து சேர்ந்த சனத்தில் ஒருத்தி. சம்பூர்க் காணிகள் சனங்களுக்குத் திரும்பக் கிடைத்தது 2015, 2016-இல். அம்மம்மா அதற்கு முன்பே தகரக் கொட்டிலில் கண்ணை மூடிவிட்டா. நான் போய்வந்த நாட்களில் அவ சொன்னதெல்லாம்தான் அந்த மூன்று கொப்பிகள்.

பத்தொன்பதாம் நாள் காலை நாலு மணி. கதை கிளிவெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. இனி உள்ளே போக வேண்டும். கொப்பியைத் திறந்தேன். தண்ணி பவுசர் வருகிற நேரம், நிவாரண அரிசியை அளந்த பேணி, பக்கத்துக் கொட்டிலில் இரவெல்லாம் அழுத குழந்தை என்று எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தன. ஒன்றை எழுத இன்னொன்றைக் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதென்றால் பெரியம்மாவிடம் போக வேண்டும், அவதான் அம்மம்மாவோடு முகாமில் இருந்தவ. சம்பூர் போய் வர ஒரு நாள் போகும். அவ கதைக்க மனம் வைக்க இன்னும் எத்தனை நாளோ. கலண்டரைப் பார்த்தேன். பதினொரு நாள் மிச்சம். விடியும் முன் மூன்று சொல் எழுதினேன்.

‘ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.’

அதற்குப் பிறகு அன்றைக்கு எழுத்து மழையாகக் கொட்டியது. ஊர் திரும்பும் காட்சி, பற்றைக்காடாய்க் கிடந்த வளவு, கிணற்றுக் கட்டைத் தேடிப் பிடித்தது. இரவு அப்பாவிடம் 2,300 என்று சொன்னேன். அந்த மாதத்தில் அதுதான் உச்சம்.

முப்பதாம் திகதி இரவு பதினொன்றரைக்கு அனுப்பினேன். சில மாதம் கழித்து ஒரு சான்றிதழ் வந்தது. நாவல் எங்கும் தேங்காமல் விறுவிறுப்பாக நகர்கிறது என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள். நியாயமான பாராட்டு. தேங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் குதிக்க வைத்தவன் நீ. அந்தப் புகழிலும் உனக்குத்தான் பங்கு.

அதியமானுக்காகத் தூது போன ஔவையாரைத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான் என்கிறது புறநானூறு. உன் ஆயுதங்கள் பீலி சூட்டி நெய் பூசி அழகாய் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்றார் ஔவை. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நானும் உன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. அந்த மாதத்துக் கணக்கேட்டில் முப்பது எண்கள் இருக்கின்றன, எல்லாம் பளபளப்பாக. ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

அச்செடுத்த பிரதியைப் பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணையில் இருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தா. மத்தியானம் சமைக்கவும் எழும்பவில்லை. பின்னேரம் அந்த வரியில் விரல் நின்றது. நகத்தால் அதை ஒரு தரம் கீறிப் பார்த்தா, கீழே ஏதும் இருக்குமோ என்கிற மாதிரி.

"இதுக்குள்ளதானே மகள் நாங்க இருந்தது."

அவ்வளவுதான் சொன்னா. கோபமில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினா. நான் அந்தத் திண்ணையில் எழும்ப முடியாமல் இருந்தேன். கெடுவே, தமிழில் உனக்கும் பாழாக்குவதற்கும் ஒரே சொல் என்பது அதுவரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் பழைய எண்ணிக்கைக் கொப்பி ஒன்றை எடுத்துவந்து காட்டினார். கப்பல் குறித்த நாளுக்கு மேல் நின்றால் தாமதக் காசு கட்ட வேண்டும், அதனால் கடைசி நாட்களில் தலைதெறிக்க இறக்குவார்களாம். "அவசரத்தில இறக்கின கப்பலிலதான் கூட மூட்டை கிழியும்" என்றார். இறங்கின மூட்டைகளுக்குப் பக்கத்தில் மெல்லிய கோடு போட்டு இன்னொரு நிரல் வைத்திருந்தார். மேலே ‘கிழிந்தது’ என்று எழுதியிருந்தது. கிழிந்ததிலிருந்து கொட்டினதைக் கூட்டி அள்ளி வேறாகக் கட்டி, அதையும் எண்ணித்தான் கையெழுத்து வைப்பார்களாம். முப்பது வருடம் எண்ணியே பிழைத்த மனிதர் அந்த நிரலை ஒரு நாளும் விட்டதில்லை. என் கணக்கேட்டில் நீ எனக்கு அப்படி ஒரு நிரல் போட்டுத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மூதூரில் வாழ்ந்து அந்த மண்ணையே எழுதிய வ.அ. இராசரத்தினம் தன் நாவல் ஒன்றுக்கு ‘ஒரு வெண்மணற் கிராமம் காத்துக்கொண்டிருக்கிறது’ என்று பெயர் வைத்தார். எங்கள் ஊரைச் சேர்ந்த தி.த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் இருந்துகொண்டு 1895-இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்டார். ந. பாலேஸ்வரி ஆசிரியையாக இருந்துகொண்டே 1966-இல் ‘சுடர்விளக்கு’ கொண்டுவந்தார். அவர்களை எது மேசையில் இருத்தியதோ, அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போகிறேன். கொப்பியும் பேனையும் மட்டும். பெரியம்மா சில நாள் கதைப்பா, சில நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பேசாமல் இருப்பா. கூட இருந்து நானும் ஆய்வேன். போன மாதம்தான் குடத்தைப் பற்றிச் சொன்னா. பவுசர் வருமுன் சனங்கள் குடத்தை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு நிழலுக்குப் போவார்களாம். எல்லாம் ஒரே நிவாரணக் குடம், ஒரே நிறம். தன்னுடையது மாறிவிடக் கூடாது என்று அம்மம்மா கழுத்தில் ஒரு நீலச் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாவாம். அந்தச் சேலை எது என்று கேட்டேன். சம்பூரிலிருந்து ஓடி வரும்போது உடுத்திருந்தது என்றா.

நாலு மணிக்கு எழும்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அதற்கு உனக்கு நன்றி. கலண்டரில் வட்டம் இல்லை. அப்பா எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டு, "எவடத்தில நிக்கிறாய்?" என்று கேட்கிறார். குடம் வரிசையில இருக்கு அப்பா என்கிறேன். மூன்று கிழமையாக எழுதுகிறேன். முன்னால் பதினேழு குடம். பவுசர் இன்னும் வரவில்லை.