கல்லாப்பெட்டி ஆராய்ச்சிக்கூடம்

வெள்ளைக்காரன் சுத்த அசடு. கரப்பான் வந்த பிள்ளை குளிக்கும் தண்ணீரில் அதற்கென்று விற்கும் எண்ணெயைக் கலந்தால் பலன் உண்டா என்று பார்க்க, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 483 பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு வருடம் பின்தொடர்ந்து, 2018-இல் "பலனைக் காணோம்" என்று சொன்னான். வெறும் குளியல் எண்ணெய்க்கு இத்தனை பாடு!

எங்கள் குமணன்சாவடியில் இது இரண்டு நிமிட வேலை. மெட்ரோ தூண் ஓரம் ஒரு மருந்துக்கடை. கன்னம் சிவந்து வெடித்த ஒன்றரை வயதுக் குழந்தை அம்மாவின் இடுப்பில்.

"அண்ணா, பாப்பா ராத்திரி பூரா சொறியுது."

அண்ணன் நிமிரவில்லை. ஒரு கை செல்போனில், ஒரு கை டிராயரில். "ரெண்டு வேளை தேய்ங்கம்மா. மூணு நாள்ல போயிடும்."

ட்யூபில் குளோபெட்டசால். ஸ்டீராய்டு களிம்புகளில் வீரியத்துக்கு முதல் வரிசை. துணைக்குப் பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று. வந்த நோய் எதுவென்று பார்ப்பானேன்? எதற்கும் எல்லாவற்றையும் போட்டுவிடலாமே!

புது மருந்தைக் குழந்தையிடம் சோதிக்க, நம் நாட்டு 2019 விதிகளின்படி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பதிவு வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். சோதனையால் பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு. ஏழு வயதான பிள்ளையென்றால் அதனிடமும் சம்மதம் கேட்க வேண்டும். இங்கே கேட்பது ஒன்றுதான்: "சில்லறை இருக்காம்மா?"

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் ஏற்றியது. உத்தரவு டெல்லியில் பத்திரமாக இருக்கிறது. ட்யூப் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை.

மருந்தின் மேல் பழி இல்லை. தோல் மருத்துவர் பார்த்து, பிள்ளைக்கு ஏற்ற வீரியத்தில், நாள் குறித்துக் கொடுத்தால் ஸ்டீராய்டு கரப்பானுக்கு நல்ல மருந்துதான். கணக்கில்லாமல் தேய்த்தால் தோல் மெலியும், நிறம் வெளுக்கும், கன்னத்தில் ரத்தக்குழாய் கோடு கோடாகத் தெரியும். உள்ளே இறங்கினால் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டையும் முடக்கும். நிறுத்தினால் அரிப்பு திரும்பும். திரும்பினால் இன்னொரு ட்யூப். இந்த ஆராய்ச்சிக்கு முடிவு கிடையாது, ரசீதும் கிடையாது.

வள்ளல் குமணன் வறிய புலவனுக்காக நீட்டியது தன் தலையை. அவன் பெயர் தாங்கிய ஊரில் நாம் நீட்டுவது பிள்ளையின் கன்னத்தை.

தலையைக் கொடுக்கக் குமணனாவது சம்மதித்தான்.