சோடி போட்டு ஆடற பொழப்பு

ஏங்கண்ணு, இஞ்சினீரிங் படிச்சது போதும், டி.வி.ல சோடி போட்டு ஆடப் போறேங்கறயாமா? போ சாமி, ஆரு வேண்டாங்கறா? ஆனா அது என்ன பொழப்புன்னு தெரிஞ்சுட்டுப் போவோணுமல்லோ?

வால்ட்ஸ், டாங்கோன்னு ஒரு பக்கம் அஞ்சு ஆட்டம். சா சா சா, சம்பா, ரும்பான்னு லத்தீன் பக்கம் அஞ்சு. பத்தும் கத்துக்கோணும். லத்தீன் ஆட்டத்துக்கு ஆம்பளையும் குதிகால் ஒசந்த செருப்பு மாட்டோணும். இன்னொரு கூத்தைக் கேளு. சீமைல வெள்ளைத்தோலுக்காரங்க மேடையேறறதுக்கு முந்தி ஒடம்பு பூரா மாநிறச் சாயம் அடிச்சுக்கறாங்க. நீ இங்க செவப்பாகறதுக்குக் கிரீம் தடவிட்டுத் திரியற. அவன் காசு குடுத்து வாங்கற நெறம் உனக்கு ஆத்தா வயித்துலயே கெடைச்சிருச்சு. அந்தச் செலவு மிச்சம்.

2004ல பிபிசிக்காரன் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’னு ஆரம்பிச்சான். அதையே 2006ல சோனிக்காரன் இந்தில ‘ஜலக் திக்லா ஜா’ன்னு போட்டான். நம்ம பக்கம் ‘ஜோடி நம்பர் ஒன்’, ‘மானாட மயிலாட’ எல்லாம் வந்துது. இங்க சோடி ரெண்டும் நடிக்கறவங்க. ஆட்டம் கட்டிக்குடுத்த மாஸ்டரு பெரும்பாலும் ஓரமா நிப்பாரு.

சீமைல அப்பிடியில்ல. வண்டிக்குப் பழகாத காளையைப் பழகுன மாட்டோட பூட்டுவமல்லோ, அதேதான். ஆடவே தெரியாத பிரபலம் ஒண்ணு, தொழில்காரன் ஒண்ணு. பாரம் பூரா பழகுன மாட்டுக்கு. சனம் கை தட்டறது புதுசுக்கு. புதுசை ஓட்டுப் போட்டு வெளிய அனுப்புனா, பழகுனதும் கூடவே மூட்டை கட்டோணும். இது என்ன நாயம்னு கேக்காத. சம்பளம் அதுக்குத்தான்.

அந்த ‘ஸ்ட்ரிக்ட்லி’ல ஆன்டன் டு பெக்னு ஒரு மனுசன். மொத வருசத்துல இருந்து ஆடுனாரு. 2010ல அவருக்கு வாச்ச சோடி ஆன் விடிகோம்ப். மந்திரியா இருந்த அம்மா, வயசு அறுவதைத் தாண்டிருச்சு. அந்தம்மாளுக்குக் கால் வரல. மனுசன் என்ன பண்ணுவாரு? தரையோட இழுத்துட்டே ஆடுனாரு! மார்க்குப் போடறவங்க தலைல அடிச்சுக்கிட்டாங்க. சனம் வாராவாரம் ஓட்டுப் போட்டுக் காப்பாத்துச்சு. ஓட்டு வாங்கத் தெரிஞ்ச அம்மாளல்லோ! அத்தனை வருசம் ஆடியும் ஆன்டன் ஒருக்காக்கூடக் கோப்பை வாங்குல. 2021ல அவரையே மார்க்குப் போடற நாற்காலில உக்கார வெச்சுட்டாங்க. அதுல தப்பென்ன? ஆட வராத காலை அவரளவுக்குப் பாத்தவன் ஆரு?

ஆட வெக்கற ஆளு இங்கயும் உண்டு. நம்ம காரமடைப் பக்கம் பத்ரப்பன்னு ஒரு பெரியவரு. வள்ளி கும்மி வாத்தியாரு. ஆம்பளைக ஆடிட்டிருந்த கும்மில பொம்பளைகளுக்கும் அடவு சொல்லிக்குடுத்தாரு. 2024ல, 87 வயசுல, பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவரு சாயம் அடிச்சு நான் பாத்ததில்ல.

உனக்கு ஆட வருது கண்ணு, இல்லேங்கல. ஆட வராத ஆளைக் கோவிக்காம ஆட வெக்க வருமா? தைப்பூசத்துக்கு நம்ம பொன்மலை வேலாயுதசாமி கோயிலடிக்கு வா. உங்க பெரியம்மாளுக்கு வள்ளி கும்மி அடவு சொல்லிக்குடுத்து ஒரு சுத்து ஆட வெய்யி பாக்கலாம். ஆட வெச்சுட்டா, டி.வி. ஆட்டத்துக்கு மும்பை போக நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்.