பாக்கியியல்: பள்ளிபாளையம் முதல் செல்சி வரை ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வின் தேவை

சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1 அன்று பாகம் பிரிந்தபோது, நாமக்கல் தன் பங்காக லாரியையும் முட்டையையும் விசைத்தறியில் பெரும்பகுதியையும் வாங்கிக்கொண்டு வந்தது. லாரியைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் அறிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். தறிப்பட்டறையில் புழங்கும் ‘பாக்கி’ என்னும் அரிய நிதி ஏற்பாடு, காவிரிக் கரையிலிருந்து கிளம்பி லண்டன் கால்பந்துக் கிளப் ஒன்றின் பேரேட்டில் எப்படிப் போய் உட்கார்ந்தது என்பதை மட்டும் ஒருவரும் ஆராயவில்லை. அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் வருமாறு: ஐரோப்பியக் கால்பந்தின் எட்டாண்டு ஒப்பந்தமும் பள்ளிபாளையத்துப் பாக்கியும் ஒரே பாவில் ஓடிய இரண்டு துண்டுகள். இவற்றுள் மூத்தது நம்முடையதே என்பது கட்டுரையாளரின் துணிபு. இதற்குச் சான்று கேட்பவர் ஊர்ப்பற்று இல்லாதவராகக் கருதப்படுவார்.

ரிக் வண்டிக் கடன், கோழிப்பண்ணைக் கடன், லாரித் தவணை ஆகியவை ஆய்வின் எல்லைக்குள் வரா. ஒவ்வொன்றுக்கும் ஒரு முனைவர் பட்டம் தேவைப்படும்.

2. பாக்கி: இலக்கணமும் இயல்பும்

ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையம்; பவானிக்கு எதிர்க்கரையில் குமாரபாளையம். இவ்விரண்டு ஊர்களிலும் தறி ஓட்ட ஆள் சேரும்போது பட்டறைக்காரர் ஒரு தொகை முன்பணம் தருவார். சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. பெரும்பாலும் வட்டி கிடையாது. வாரக் கூலியில் கொஞ்சம் பிடிக்கும் பட்டறையும் உண்டு, பிடிக்காமல் விட்டுவைக்கும் பட்டறையும் உண்டு. விட்டுவைப்பதைப் பெருந்தன்மை என்று முதல் பார்வையில் எண்ணத் தோன்றும். இரண்டாம் பார்வை பார்த்தவர்கள் அப்படி எண்ணுவதில்லை. ஏனெனில் கொடுத்த பணம் திரும்பி வருவது பட்டறைக்காரரின் குறிக்கோள் அன்று. கொடுத்த ஆள் திரும்பிப் போகாமல் இருப்பதே குறிக்கோள்.

ஆள் வேறு பட்டறைக்குப் போக விரும்பினால் என்ன ஆகும்? களப்பணியின்போது டீக்கடை பெஞ்சில் கிடைத்த விளக்கம் இது: “போறவனைப் புடிச்சா வெக்க முடியுமுங்க? தாராளமாப் போகட்டும். பாக்கியைக் கட்டிப்போட்டுப் போகட்டும்.” கட்டக் கையில் காசிராது. ஆகவே புதிய பட்டறைக்காரர் பழைய பட்டறைக்காரருக்கு அந்தத் தொகையைக் கொடுத்து ஆளைக் கூட்டிப்போவார். பாக்கி தீர்ந்துவிடாது. முகவரி மாறும். புது இடத்தில் இன்னும் கொஞ்சம் சேர்ந்து வளரும்.

ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து உழைப்பாளியைப் பெயர்த்துக்கொண்டு போகும் இந்த முறைக்குக் கால்பந்துலகில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று பெயர். அதற்குத் தொலைக்காட்சியில் நேரலை உண்டு. பள்ளிபாளையத்தில் நேரலை இல்லை என்பது ஒன்றே இதுவரை கண்ட வேறுபாடு. இங்கிலாந்துச் செய்தித்தாள்கள் இன்றும் ஆட்டக்காரர் சம்பளத்தை வாரக் கணக்கில்தான் எழுதுகின்றன என்பதை மேலதிகச் சான்றாகக் கொள்க. சனிக்கிழமைக் கூலி மரபு வேறெங்கிருந்து போயிருக்கும்?

கீர்ட் டி நேவ் என்னும் மானுடவியலாளர் குமாரபாளையத்தில் தங்கி இந்தப் பாக்கியை ஆராய்ந்து 1999-இல் கட்டுரை வெளியிட்டார். பாக்கி தொழிலாளியைக் கட்டுகிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. தொழிலாளிகளும் பாக்கியைக் கேட்டு வாங்குகிறார்கள், கூட்டிக் கேட்கிறார்கள், சமயம் பார்த்து அடுத்த பட்டறைக்குத் தாவுகிறார்கள் என்பதையும் பதிவுசெய்தார். இதே நடத்தையைக் கால்பந்துலகில் ஏஜென்ட் என்பவர் கமிஷன் வாங்கிக்கொண்டு செய்துதருகிறார்.

3. முதல் விதி: நீட்டினால் சிறுக்கும்

2022 மே மாதம் லண்டனின் செல்சி கிளப் புதிய முதலாளிகளின் கைக்குப் போனது. 2023 ஜனவரியில் அவர்கள் அர்ஜென்டினாவின் என்சோ பெர்னாண்டஸை 10 கோடியே 68 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கி, எட்டரை ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அதே மாதத்தில் உக்ரைனின் மிகைலோ முத்ரிக்குக்கும் எட்டரை ஆண்டு. ஆகஸ்டில் ஈக்வடாரின் மொய்சஸ் கைசேடோவுக்கு எட்டு ஆண்டு. வேண்டுமானால் இன்னும் ஓராண்டு.

இதன் சூட்சுமம் வகுத்தல் கணக்கில் இருக்கிறது. ஆட்டக்காரருக்குக் கொடுத்த விலையைக் கணக்கர்கள் ஒரே ஆண்டில் செலவெழுத மாட்டார்கள். ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். பெர்னாண்டஸின் விலையை ஐந்தால் வகுத்தால் ஆண்டுச் செலவு 2 கோடியே 13 லட்சத்துச் சொச்சம். எட்டரையால் வகுத்தால் 1 கோடியே 25 லட்சத்துச் சொச்சம். பணம் குறையவில்லை, அதே ஆட்டக்காரர், அதே இரண்டு கால்கள். வகுக்கும் எண்ணை மாற்றியதில் ஆண்டுக்கு ஏறத்தாழ எண்பத்தெட்டு லட்சம் பவுண்டு கண்ணிலிருந்து மறைந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அப்போதிருந்த விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் சேர்ந்தாற்போல் 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது. ஆகவே மறைந்த தொகையின் அருமை தெரியும்.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா விழித்துக்கொண்டு, 2023 ஜூலை 1 முதல் எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் ஐந்துக்கு மேற்பட்ட எண்ணால் வகுக்கக்கூடாது என்றது. பிரீமியர் லீக் கிளப்புகளும் அந்த டிசம்பரில் வாக்கெடுத்து அதையே ஏற்றன. வகுத்தலுக்கு வரம்பு வந்த பிறகாவது ஒப்பந்தங்கள் குட்டையாயினவா என்றால் இல்லை. கோல் பாமர் 2033 வரை செல்சிக்கு. எர்லிங் ஹாலண்ட் 2034 வரை மான்செஸ்டர் சிட்டிக்கு. ஆகவே வகுத்தல் ஒரு காரணம். ஆளைக் கட்டிவைப்பது மூத்த காரணம். டீக்கடை பெஞ்சுக்கு இது முன்பே தெரியும்.

4. இரண்டாம் விதி: ஒழித்தது வேறு பெயரில் வரும்

கட்டிவைப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், ஜான் மார்க் போஸ்மான் என்னும் பெல்ஜிய ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரை வேறு நாட்டுக் கிளப்புக்குப் போகவிடாமல் பழைய கிளப் பணம் கேட்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதுவரை ஒப்பந்தம் முடிந்தாலும் பாக்கி முடியாது. தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரைதான் ஆளுக்கு விலை. எனவே ஒப்பந்தத்தின் ஆயுளைக் கூட்டினார்கள்.

இந்தியா இதில் ஐரோப்பாவுக்கு இருபது ஆண்டு முந்தி என்பதைப் பெருமிதத்துடன் பதிவுசெய்கிறோம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபர் 25 அன்றே அமலுக்கு வந்தது. 1976-இல் நாடாளுமன்றச் சட்டமாயிற்று. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டவேண்டிய பொறுப்பே அற்றுப்போகும் என்று அது சொல்கிறது. அதன்பின் அப்படியொரு கடன் எங்கும் இல்லை; ‘அட்வான்ஸ்’ மட்டும் உண்டு.

5. மூன்றாம் விதி: உடன்பிறந்தாருக்கு விற்றது விற்பனையாகும்

நட்ட வரம்பை மீறாதிருக்கச் செல்சி இன்னொரு வழியும் கண்டது. மைதானத்தை ஒட்டி இருந்த தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் முதலாளிகளின் வேறொரு கம்பெனிக்கே 7 கோடியே 65 லட்சம் பவுண்டுக்கு விற்று, லாபம் எழுதியது. பின்னர் மகளிர் அணியும் அவ்வாறே தாய்க் கம்பெனிக்குக் கைமாறியது. பிரீமியர் லீக் இதை அனுமதித்தது. யூஃபா இந்த வகை லாபத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 ஜூலையில் செல்சிக்கு 3 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது.

உலகம் இதை நூதனம் என்று வியந்தது. நாமக்கல் மாவட்டம் வியக்கவில்லை. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் பத்துப் பேர் வேலை பார்த்தால் அது தொழிற்சாலை என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்த நாளிலிருந்து, ஒரே கூரையின் கீழ் இருக்கும் தறிகள் பாதி முதலாளி பெயரிலும் மீதி மனைவி, மச்சினன் பெயர்களிலும் இருப்பது இங்கே குடும்ப மரபு. செல்சி முதலாளிகளுக்கு மச்சினன் இல்லாததால் கம்பெனி தொடங்க வேண்டியதாயிற்று.

6. தண்டனைகள்

2023 நவம்பரில் எவர்டன் கிளப் நட்ட வரம்பை 1 கோடியே 95 லட்சம் பவுண்டு தாண்டியதற்காக 10 புள்ளிகளை இழந்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆயிற்று. அடுத்த ஏப்ரலில் இன்னொரு கணக்காண்டுக்காக மேலும் 2 போயின. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 3 கோடியே 45 லட்சம் தாண்டி 4 புள்ளிகளை இழந்தது.

ஃபாரஸ்ட் சொன்ன சமாதானம் தனி ஆய்வுக்குரியது. கணக்கு முடிப்பு ஜூன் 30. அதற்குள் தங்கள் ஆட்டக்காரர் பிரென்னன் ஜான்சனை விற்றிருந்தால் மீறல் குறைந்திருக்கும். அவர்கள் செப்டம்பர் 1 வரை பொறுத்து 4 கோடியே 75 லட்சத்துக்கு விற்றார்கள். பொறுத்ததால்தானே நல்ல விலை வந்தது, அதற்காகத் தண்டிக்கலாமா என்று வாதிட்டார்கள். ஆடி கழியட்டும் என்று துண்டு பேல்களை இருப்பு வைத்து, அதற்குள் நூல்காரருக்குக் கொடுத்த செக் திரும்பிப்போன எந்தப் பட்டறைக்காரரும் இந்த வாதத்தைக் கண்ணீர் மல்க ஆமோதிப்பார். விசாரித்த ஆணையம் ஆமோதிக்கவில்லை.

தண்டனைக்குப் பிறகும் இரண்டு கிளப்புகளும் அந்தப் பருவத்தில் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவில்லை. ஆனால் புள்ளி குறைந்தபோது மைதானத்தில் அழுதவர்கள் யார்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். கணக்கைத் தப்பாகப் போட்டவர்கள் அல்லர்.

7. முடிவுகளை முறிக்கும் ஒரு முடிவு

இதுவரை கருதுகோள் செவ்வனே நிறுவப்பட்டது. இனி அதற்கு ஊறு செய்யும் தரவுகள்.

வின்ஸ்டன் போகார்டே என்னும் டச்சு ஆட்டக்காரர் 2000-இல் செல்சியில் நான்காண்டு ஒப்பந்தம் போட்டார். ஆடியது ஒரு டஜன் ஆட்டத்தைத் தாண்டவில்லை. போகச் சொல்லிப் பார்த்தார்கள்; போகவில்லை. நான்காண்டுச் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு 2004-இல் புறப்பட்டார். முத்ரிக்கின் ஒப்பந்தம் 2031 வரை. 2024 டிசம்பரில் ஊக்கமருந்துச் சோதனை முடிவு பாதகமாக வந்து அவர் தற்காலிகமாக விலக்கிவைக்கப்பட்டார். தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார். அவர் ஆடாத ஆண்டுகளிலும் அவருடைய விலையை வகுத்த பங்கு செலவாக எழுதப்பட்டே ஆகவேண்டும். அங்கே நீண்ட ஒப்பந்தம் கெட்டுப்போனால் கட்டுண்டு கிடப்பவர் முதலாளி.

இங்கே கரண்ட் போனால் கூலி இல்லை. நூல் விலை ஏறிப் பட்டறையை நிறுத்தினால் கூலி இல்லை. காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை. பாக்கி மட்டும் அப்படியே இருக்கும். 2025 ஜூலையில், பள்ளிபாளையம் பகுதியில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடிப்போய்ச் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளிவந்தது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. எவர்டனுக்குப் புள்ளியில் கழித்தார்கள். இவர்களுக்கு உடம்பில் கழிந்தது. ஒப்பாய்வின் அட்டவணையில் இந்த இரண்டையும் எதிரெதிர் பத்தியில் எழுத முயன்று, கட்டுரையாளர் அந்த அட்டவணையைக் கைவிட்டார்.

ஆகவே திருத்திய கருதுகோள்: முன்பணம் இரண்டு பேரையும் ஒரே கயிற்றில்தான் கட்டுகிறது. தறி நிற்கும் நாளில் நட்டம் யார் கணக்கில் ஏறும் என்று எழுதி வைத்திருந்தால் அது ஒப்பந்தம். எழுதி வைக்காவிட்டால் பாக்கி.

8. பரிந்துரைகள்

அ) பாக்கிக்கும் யூஃபா விதியைப் பொருத்துக. எத்தனை ஆண்டு ஓட்டினாலும் ஐந்தே ஆண்டில் வகுத்து முடிக்கவேண்டும். ஆறாம் ஆண்டில் நயா பைசா நிற்கக்கூடாது.

ஆ) பட்டறை நின்ற நாளுக்கும் கூலி உண்டு என்னும் ‘போகார்டே ஷரத்து’ ஒன்றை ஒவ்வொரு கூலிப் பேச்சுவார்த்தையிலும் சேர்க்க.

இ) வரம்பு மீறும் பட்டறைக்காரருக்குப் புள்ளி கழிக்கலாமா எனப் பரிசீலிக்கப்பட்டது. தறிக்காரருக்குப் புள்ளி கிடையாது, கழித்தால் தறியைத்தான் கழிக்கவேண்டும், அதில் போவது ஓட்டுபவரின் கூலி என்பதால் இப்பரிந்துரை திரும்பப் பெறப்படுகிறது. பிரீமியர் லீக்கும் திரும்பப் பெறலாம்.

ஈ) யூஃபா நிதிக் குழுவினர் பள்ளிபாளையத்துக்குக் கல்விச் சுற்றுலா வரவேண்டும். டீச் செலவைக் கட்டுரையாளர் ஏற்பார். அதையும் ஐந்தாண்டுக்கு வகுத்தே எழுதுவார்.